ஆங்கிலப் பத்தியும் எழுவகை மதமும்

ஓதுதல் வேறு, ஓதியதன் பொருளை உணர்தல் வேறு. இவ்வேறுபாட்டை நம் சமுதாயத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஐந்து வயதிலேயே மதரஸாவிற்குச் சென்று, அலிஃப், பா எனத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வயதிற்குள் திருக்குர்ஆனை முழுமையாக ஓதி முடிக்கும் பிள்ளைகள் நம் இல்லங்கள் பலவற்றில் உள்ளனர். எழுத்தின் பிறப்பிடம் பிழையாமல் அவர்கள் ஓதுவதைக் கேட்டு உள்ளம் குளிர்கின்றோம். அவ்வோதலுக்கு உரிய நன்மை தனி, அதில் ஐயமில்லை. ஆயினும் அப்பிள்ளையிடம் ஓர் ஆயத்தைச் சுட்டி, இதன் கருத்து யாது என வினவினால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. 'இக்ரஃ' என இறங்கிய முதற்சொல்லுக்கு ஓதுதல், படித்தல் என்னும் இரு பொருளும் கூறப்படுவது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

எழுத்தொலி தெரிந்தும் கருத்துத் தெரியாத இதே நிலை ஆங்கிலத்திலும் நம் மாணவர்க்கு நேர்கின்றது. அதனை நமக்கு உணர்த்தியவர் ஒரு மாணவர். வணிகவியல் பயின்றவர், பகுதி ஒன்றில் நம்மிடம் தமிழ் படித்தவர். பட்டம் பெற்ற ஆண்டிலேயே மேலாண்மைப் படிப்பிற்கான நுழைவுத் தேர்வை எழுதினார். கணக்குப் பகுதியில் நன்மதிப்பெண் பெற்றவர், ஆங்கிலப் பகுதியில் பெரிதும் பின்தங்கினார். வினாத்தாளின் படியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருநாள் துறைக்கு வந்தார். ஆங்கிலத் துறை எதிரிலேயே இருக்க இங்கே வந்தது ஏன் தம்பி என்றோம். "சொல்லெல்லாம் தெரியுதுங்க ஐயா. அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னுதான் பிடிபடலை" என்றார்.

சொல் தெரிகின்றது, சொல்வோன் நோக்கம் தெரியவில்லை என்றால் குறை அகராதியில் இல்லை. உரை காணும் பயிற்சியில் இருக்கின்றது. உரை காணும் கலையோ தமிழ் பயில்வோரின் பழஞ்செல்வம். அதனை ஆங்கிலப் பத்திக்கு எடுத்துச் செல்லும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

தேர்வின் இயல்பு

நாம் இங்கு எடுத்துக்கொள்வது இந்திய மேலாண்மைக் கழகங்கள் நடத்தும் 'கேட்' என்னும் பொதுச் சேர்க்கைத் தேர்வினை. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் 'கேட்' தேர்வு வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றிப் பெற்றோரை மயக்குகின்றன. இக்கழகங்கள் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கின. 2011இல் நம் திருச்சிராப்பள்ளியிலும் ஒன்று நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் நவம்பர் இறுதியை ஒட்டி நிகழும் இத்தேர்வு 2009 முதல் கணினி வழியாக நடைபெறுகின்றது. இதன் மதிப்பெண்ணை இக்கழகங்களேயன்றி வேறு பல மேலாண்மை நிறுவனங்களும் ஏற்றுக்கொள்கின்றன.

2020 முதல் தேர்வுக் காலம் இரண்டு மணி நேரம். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிற்கும் நாற்பது நிமிடம். ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றிற்குக் கொண்டுசெல்ல இயலாது. ஆங்கிலப் பகுதியில் அண்மை ஆண்டுகளில் 24 வினாக்கள் கேட்கப்பட்டுள்ளன. அவற்றுள் 16 வினாக்கள் நான்கு உரைப்பத்திகளை ஒட்டியவை. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். நான்கு விடைகளுள் ஒன்றைத் தேரும் வினாக்களில் தவறான விடைக்கு ஒன்று கழியும். ஆகவே அப்பகுதியின் 72 மதிப்பெண்ணில் 48, அதாவது மூன்றில் இரு பங்கு, பத்தியை உணர்வதைப் பொறுத்தே அமைகின்றது. இலக்கணப் பயிற்சி நூல்களையும் சொற்பட்டியல்களையும் மனப்பாடம் செய்தே ஆண்டைக் கழிக்கும் மாணவர் இக்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வேகத்தின் கணக்கையும் பார்ப்போம். நாற்பதில் முப்பது நிமிடத்தைப் பத்திகளுக்கு ஒதுக்குவதாகவும், ஒரு பத்தி ஏறத்தாழ ஐந்நூறு சொல் உடையதாகவும் கொள்வோம். நான்கு பத்திக்கு ஈராயிரம் சொல். நிமிடத்திற்கு நூறு சொல் படிப்பவர்க்குப் படிக்க மட்டுமே இருபது நிமிடம் கழிந்துவிடும். எஞ்சிய பத்து நிமிடத்தில் 16 வினாவிற்கு விடை காண வேண்டும். ஒரு வினாவிற்கு நாற்பது நொடியும் கிட்டாது. இருநூறு சொல் படிப்பவர்க்கோ பத்து நிமிடத்தில் படிப்பு முடிந்து, ஒரு வினாவிற்கு ஒன்றேகால் நிமிடம் கிடைக்கின்றது. இருவர்க்கும் உள்ள வேறுபாடு அறிவில் இல்லை. கண்ணின் பழக்கத்தில் உள்ளது. நம் மாணவர் பலர்க்கு உதடு அசையாமல் படிக்க வருவதில்லை. மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் வாய்விட்டு ஓதிய பழக்கம் அது. வாய் செல்லும் வேகத்திற்கு மேல் கண் செல்லாது. உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு சில கிழமைகள் படித்தாலே இப்பழக்கம் தளரக் காண்கின்றோம்.

தொடர் அமைப்பு

தமிழ்த் தொடரில் பயனிலை இறுதியில் நிற்கும். அடைத்தொடர் பெயருக்கு முன்னே வரும். 'யூக்ளிட் கொண்டிருந்த கொள்கை' என்பது நம் மரபு. ஆங்கிலத்திலோ 'கொள்கை' முதலில் வந்துவிடும். 'விச்' என்னும் இணைப்புச் சொல்லைப் பற்றிக்கொண்டு அடைத்தொடர் பின்னே வரும். எழுவாய்க்கும் வினைக்கும் இடையே பதினைந்து இருபது சொற்கள் புகுந்துவிடுவதும் உண்டு. தமிழ்ப் பழக்கத்தோடு படிப்பவர் தொடரின் இறுதியில் முடிபு கிட்டும் எனக் காத்திருப்பார். அங்கே இருப்பது ஓர் இடமோ காலமோ அடையோ ஆகும். முடிபு முன்பே வந்து போயிருக்கும். நீண்ட தொடர் எதிர்ப்படும்போது எழுவாயையும் அதற்குரிய முற்றுவினையையும் மட்டும் அடிக்கோடிட்டு, மற்றவற்றை அடைப்புக் குறிக்குள் இட்டுப் பழக வேண்டும். தேர்வுத் திரையில் கோடிட இயலாது என்பது உண்மையே. தாளில் நூறு முறை இட்ட கோடு பின்னர் மனத்திலேயே விழும்.

எதிர்மறைச் சொல் வெளிப்படையாக இல்லாமலே எதிர்மறைப் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களே மாணவரை மிகுதியாக ஏமாற்றுகின்றன. 'ஹார்ட்லி' என்பது 'ஹார்ட்' என்னும் சொல்லின் உறவு போலத் தோன்றும். அதன் பொருளோ 'இல்லை என்னும் அளவிற்கு' என்பதாகும். 'எ ஃபியூ' என்றால் சில உண்டு. 'எ' நீங்கி 'ஃபியூ' மட்டும் நின்றால் சிலவே, போதா என்னும் குறைப்பொருள். 'டூ' என்பதன் பின் 'டு' வந்தால் செயல் நிகழவில்லை என்று கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றிலும் கடியது 'நாட் ஸோ மச் ... அஸ்' என்னும் அமைப்பு. 'அக்கொள்கை நாட் ஸோ மச் ரிஜெக்டட் அஸ் ரிவர்ஸ்ட்' என வந்தால், மறுக்கப்பட்டது என்பதைவிடத் திருப்பியமைக்கப்பட்டது என்பதே பொருந்தும் என்று பொருள். 'அவ்வளவாக மறுக்கப்படவில்லை' என்று மட்டும் பொருள்கொண்டு நின்றுவிடும் மாணவர், ஆசிரியர் வலியுறுத்திய பின்பாதியை இழக்கின்றார்.

நன்னூலார் தரும் திறவுகோல்

தொடர் தெளிந்த பின்னும் பத்தி தெளியாமை உண்டு. நம்மிடம் வந்த மாணவரின் இடர்ப்பாடு இவ்வகையினதே. இங்குதான் பவணந்தியார் துணைக்கு வருகின்றார்.

நன்னூல்ப் பாயிரத்தில் நூலாசிரியர் மேற்கொள்ளும் எழுவகை மதம் கூறப்படுவதை இளங்கலைத் தமிழ் மாணவர் அனைவரும் படித்துள்ளனர். தேர்விற்கு இரண்டு மதிப்பெண் வினாவாக எழுதிவிட்டு மறந்தும் போகின்றனர். பிறர் கொள்கைக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதல், தானே ஒரு பொருளை நாட்டி அதனை நிலைநிறுத்துதல், இருவர் மாறுபடக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டுதல், பிறர் கொள்கையோடு படாமல் தன் கொள்கையைக் கொள்ளுதல் என அவை அமையும்.

'கேட்' தேர்வில் வந்த பத்திகள் பலவற்றை இவ்வேழோடு பொருத்திப் பார்த்தோம். பொருளியல், உயிரியல், வரலாறு, மெய்யியல் எனப் பொருள் எதுவாயினும், வாதம் செல்லும் வழி பெரும்பாலும் இவ்வேழனுள் ஒன்றாகவே இருந்தது. சிறப்பாக, மூன்றாவதும் ஐந்தாவதும் அடிக்கடி வரக் கண்டோம். முதற்பத்தியில் ஒரு கொள்கை நயமாக எடுத்துரைக்கப்படும். மாணவர் அதனையே ஆசிரியர் கருத்து என்று நம்பிவிடுவார். 'ஹவெவர்' அல்லது 'யெட்' என்னும் சொல்லோடு இரண்டாம் பத்தி தொடங்கும்போது கொள்கை களையப்படுகின்றது. விரைவாகப் படித்தவர் உள்ளத்தில் முதலில் பதிந்ததே நிலைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு பத்தியையும் படித்து முடித்தவுடன், விடைகளை நோக்கும் முன்னரே, இஃது எம்மதம் என ஓரத்தில் எழுதுக என்று மாணவரைப் பணித்தோம். தொடக்கத்தில் நகைத்தனர். இரண்டு மாதத்தில் அதுவே அவர்களுக்குக் கைவந்த பழக்கமாயிற்று.

காண்டிகை உரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என ஐந்து உறுப்புகளை நன்னூல் வகுப்பதும் இதனோடு இயையும். பத்தியில் எது கருத்து, எது எடுத்துக்காட்டு எனப் பிரித்தறியாதவர் எடுத்துக்காட்டையே மையக் கருத்தாகத் தேர்ந்து ஏமாறுவர்.

ஒரு பயிற்சி

வகுப்பில் நாம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ஒரு சிறு பத்தியின் தமிழ் வடிவம் இது:

'கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே காட்சி நிகழ்கின்றது என யூக்ளிடும் தாலமியும் கருதினர். இன்று இக்கொள்கை நகைப்பிற்கு உரியதாகத் தோன்றலாம். ஆயினும் அண்மையிலுள்ள பொருள் பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றுவது ஏன் என்பதை நேர்கோடுகளாலும் கோணங்களாலும் அது செம்மையாக விளக்கியது. பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பேரொளியை நோக்குங்கால் கண் வருந்துவதைச் சுட்டி, ஒளியே கண்ணுள் புகுகின்றது என வாதிட்டார். கதிரின் திசை மாறியது; கோடுகளும் கோணங்களும் நிலைத்தன. எனவே அவர் தமக்கு முன்னிருந்தோரை மறுத்தார் எனக் கூறுவது பாதி உண்மையே ஆகும்.'

இப்பத்தியின் மையக் கருத்து யாது என வினவி நான்கு விடைகளைத் தந்தோம். முன்னோரின் காட்சிக் கொள்கை முற்றிலும் பயனற்றது என்பதை இப்னுல் ஹைதம் நிறுவினார் என்பது முதல் விடை. முன்னோரின் கணித முறையைக் காத்துக்கொண்டே ஒளியின் திசையை அவர் மாற்றியமைத்தார் என்பது இரண்டாவது. ஐரோப்பிய அறிவியலுக்கு முஸ்லிம் அறிஞர்களே அடித்தளம் இட்டனர் என்பது மூன்றாவது. பேரொளி கண்ணை வருத்தும் என்பது நான்காவது.

வகுப்பில் பெரும்பாலோர் மூன்றாவதைத் தேர்ந்தனர்.

காரணம் நமக்கு உடனே விளங்கிற்று. அப்பெயரைக் கண்டதும் உள்ளம் பெருமிதம் கொண்டது. பெருமிதமே விடையையும் தேர்ந்தது. இப்னுல் ஹைதத்தின் ஒளியியல் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாசல் நகரில் அச்சேறியது வரலாறு. அவர்வழி ஐரோப்பா கற்றது என்பதை மறுப்பார் இலர். ஆயினும் நாம் கொடுத்த பத்தியில் ஐரோப்பா என்னும் சொல்லே இல்லை. நாம் அறிந்தது, நாம் விரும்புவது, உலகில் உண்மையாக இருப்பது ஆகிய மூன்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஆசிரியர் சொன்னது எது என்று மட்டும் காண்பதே இத்தேர்வு கேட்கும் ஒழுக்கம். சமுதாயப் பற்று மிக்க மாணவர்க்கு இஃது எளிதன்று. மேடைப் பேச்சிலும் கட்டுரைப் போட்டியிலும் எழுச்சியோடு முடிப்பதற்கே அவர்களைப் பழக்கியுள்ளோம். அப்பழக்கத்தில் நம் பங்கும் உண்டு.

இரண்டாவதே சரியான விடை. முதல் விடை மிகைபடக் கூறியது. 'முற்றிலும்' என்னும் ஒரு சொல்லே அதனை வீழ்த்திவிடுகின்றது. நான்காவது பத்தியில் உள்ளதுதான். ஆயினும் அது வாதத்திற்குக் காட்டிய சான்று. பிறர் கொள்கையின் ஒரு கூற்றை ஏற்று மறு கூற்றைக் களைவது இப்பத்தியின் மதம் என்று முன்னரே ஓரத்தில் எழுதியிருந்த இரு மாணவியர் மட்டும் இரண்டாவதைத் தேர்ந்தனர்.

எது உண்மையாயின் ஆசிரியரின் வாதம் வலுவிழக்கும் என்ற வகை வினாவும் இத்தேர்வில் வருவதுண்டு. மேற்காட்டிய பத்தியில் ஆசிரியர் வாதம் எதன்மேல் நிற்கின்றது? கோடுகளும் கோணங்களும் நிலைத்தன என்பதன்மேல். யூக்ளிடின் கணித முறையை இப்னுல் ஹைதம் அடியோடு கைவிட்டார் எனக் காட்டும் ஏடு ஒன்று கிடைப்பதாகக் கொண்டால் வாதம் சாயும். பேரொளியால் கண் வருந்துவதில்லை என்று காட்டினாலோ இப்னுல் ஹைதத்தின் வாதம் தளரும்; இப்பத்தி ஆசிரியரின் வாதம் தளராது. இருவர் வாதத்தையும் பிரித்தறிவது நுட்பமான இடம். நன்றாகப் படிக்கும் மாணவரும் இங்கு வழுக்குகின்றனர்.

விடுவதா, எழுதுவதா?

தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் என்றதும் பல மாணவர் அஞ்சி விட்டுவிடுகின்றனர். அச்சத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்றுமே தெரியாமல் நான்கில் ஒன்றைக் குறித்தால், நான்கு முறைக்கு ஒரு முறை மூன்று கிட்டும். மூன்று முறை ஒவ்வொன்று கழியும். கூட்டினால் சுழி. ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் மூன்று முறைக்கு மூன்று பெற்று இரண்டை இழக்கின்றோம், ஒன்று மிஞ்சும். இரண்டை நீக்க முடிந்தால் இரண்டு முறைக்கு மூன்று பெற்று ஒன்றை இழப்போம், மிஞ்சுவது இரண்டு. ஆகவே இரண்டை நீக்கிய பின்னும் அஞ்சி விடுவது இழப்பே. நீக்கியதற்கு உரிய சொல்லைப் பத்தியில் விரலால் தொட்டுக் காட்ட முடியுமா என்பதே உறுதிக்கு அளவு. 'மனத்திற்குப் பட்டது' என்பதற்காக நீக்குவது நீக்கல் ஆகாது.

பயிலும் முறை

முதல் இரண்டு மாதம் கடிகாரம் வேண்டா. நாளொன்றுக்கு ஒரு பத்தி போதும். நடந்து முடிந்த ஆண்டுகளின் வினாத்தாள்களிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். படித்து முடித்தவுடன் அதன் பொழிப்பைத் தமிழில் இரண்டே தொடரில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் மாணவர் பத்தியின் சொற்களையே திருப்பி அடுக்கிவிடுகின்றனர். புரிந்ததா என்பது நமக்கும் தெரிவதில்லை, அவர்க்கும் தெரிவதில்லை. தமிழில் எழுதும்போது மறைக்க வழியில்லை.

அகராதியைப் பத்தியின் நடுவே திறத்தல் ஆகாது. சூழலைக் கொண்டு பொருளை உய்த்துணர்ந்து, விடையெல்லாம் எழுதிய பின்னரே அகராதி. ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றை நாள்தோறும் படிப்பது நன்று. அரசியல் செய்தி மட்டும் படிப்பவர்க்குக் கலைத் திறனாய்வும் உயிரியலும் அன்னியமாகவே இருக்கும். ஆதலின் கிழமைக்கு ஒருமுறையேனும் பழக்கமில்லாத துறைக் கட்டுரை ஒன்று வேண்டும். பழகிய பொருள் வந்தால் மகிழ்வதும், பழகாதது வந்தால் திகைப்பதும் தேர்வு அறையில் தீங்கு விளைக்கும்.

தவறேடு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். சரியான விடை எது என்பதை அதில் எழுதிப் பயனில்லை. தவறு எவ்வாறு நேர்ந்தது என்பதையே எழுத வேண்டும்: தொடரின் முடிபைக் காணவில்லை, பிறர் கொள்கையை ஆசிரியர் கொள்கையாகக் கொண்டேன், எடுத்துக்காட்டைக் கருத்தாகக் கொண்டேன், பத்தியில் இல்லாததை நானே சேர்த்தேன். முப்பது பத்தி முடியும்போது ஒவ்வொருவர்க்கும் ஏதோ ஒரு வகைத் தவறே திரும்பத் திரும்ப வருவது புலப்படும். மூன்றாம் மாதத்தில்தான் கடிகாரம். அப்போதும் நான்கு பத்தியையும் முதலில் மேலோட்டமாக நோக்கி, எளியதிலிருந்து தொடங்கப் பழகுதல் நலம்.

முன்னர்க் கூறிய மாணவர் இம்முறையில் ஏழு மாதம் பயின்று மறு ஆண்டு மீண்டும் எழுதினார். அவர் விரும்பிய கழகத்தில் இடம் கிட்டவில்லை. 'கேட்' மதிப்பெண்ணை ஏற்கும் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து படித்து முடித்தார். ஆங்கிலப் பகுதியில் முன்பு இழந்ததைப் பெரிதும் மீட்டார் என்ற அளவில் நமக்கு நிறைவு.

இத்திறம் மேலாண்மைப் படிப்பை நாடுவோர்க்கு மட்டும் உரியதன்று. தமிழில் முதுகலை முடித்து யு.ஜி.சி. 'நெட்' எழுதுவோர்க்கும் முதல் தாளில் உரைப்பத்தி வினாக்கள் உண்டு. இரண்டாம் தாள் தமிழில் இருக்க, முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைகின்றது. சங்க இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை உடையவர் இவ்வொரு தாளில் இடறுவதை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

பெரியோர்க்கு ஒரு சொல்

பெருநகரங்களில் நடக்கும் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்டவும், தங்க வைக்கவும் இயலாத இல்லங்களே நம்மிடையே மிகுதி. பெண்பிள்ளைகளைப் பொறுத்தமட்டில், பணம் இருந்தாலும் அனுப்புவதற்குத் தயக்கம். மேலே குறித்த இரு மாணவியருள் ஒருவர் அத்தேர்விற்கு விண்ணப்பிக்கவே இல்லை. தேர்வு மையம் வெளியூரில் என்பதே அவர் சொன்ன காரணம். உடன் செல்ல ஓர் அண்ணனோ மாமாவோ ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

ஜமாஅத்து நூலகங்கள் பலவற்றில் தமிழ் நாளிதழ்கள் வருகின்றன. ஆங்கில நாளிதழ் வருவது அரிது. ஒரு நாளிதழும், பழைய வினாத்தாள்களின் படிகளும், மஃரிபுத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் ஒரு விளக்கும் பெரும் செலவு ஆகா. பெண்பிள்ளைகளுக்குப் பகலில் தனி நேரம் ஒதுக்கலாம். வழிகாட்ட ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் வேண்டும் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. நன்னூல் படித்த தமிழாசிரியர் ஊர்தோறும் இருக்கின்றார்.

நம் துறையில் சனிக்கிழமை தோறும் லுஹர்த் தொழுகைக்குப் பின் இப்பயிற்சி நடைபெறுகின்றது. எத்துறை மாணவரும் வரலாம். பென்சிலும் கோடிட்ட ஏடும் கொண்டுவருக; அகராதி துறையிலேயே உள்ளது, இறுதியில் தரப்படும்.